கவுன்சிலர் அக்கா மறுபடியும் ஏன் நிற்கிறார்? தேக்காவில் நம்ம ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தமிழர்கள் கூடுகிற தேக்கா பக்கம் போனால் நம்ம ஊர் முகம் நாலைந்தாவது கண்ணில் படும். சிராங்கூன் சாலையில் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும்போதும் சரி, டீ வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கும்போதும் சரி, கொஞ்ச நாளாக எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா திரும்ப நிக்கிறாங்களாமே, ஏன்ண்ணே?"

நின்று நின்று பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் தங்கும் விடுதிக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாதிப் பேருக்குப் பாதிப் பதில்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாதி ஊருக்குப் போய் வேறொன்றாக மாறித் திரும்பி வந்தது. அதனால் கேட்ட கேள்விகளையெல்லாம் கேட்டபடியே எழுதிப் பதிலும் எழுதிவிட்டேன். நான் அக்காவின் தம்பி. அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறவன். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

நான் வேற ஊர். முதலில் யார் அந்த அக்கா என்று சொல்லுங்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பேரூராட்சி எங்கள் ஊர். தென்னந்தோப்பு, வாய்க்கால், ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு முழுக்க நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, பெண்களுக்கு ஒதுக்கிய ஒரு வார்டில் அக்கா சுயேச்சையாக நின்று ஐம்பதுக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்றார். ஐந்து வருஷக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது.

ஐந்து வருஷம் இருந்தாச்சே. வேற யாராவது வரட்டுமே, ஏன் மறுபடியும்?

நானும் இதையேதான் கேட்டேன். கேட்டேன் என்ன, வேண்டாம் என்றே சொன்னேன். அக்காவுக்கு முட்டிவலி. மாமாவுக்கும் விருப்பமில்லை. "போதும்க்கா, உடம்பைப் பாரு" என்று போனில் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. "தீபாவளிக்கு வர்றல்ல, வந்து அங்கன்வாடி வாசல்ல நின்னு பாரு" என்று மட்டும் சொன்னார்.

போய் நின்று பார்த்தேன். நம்ம தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, கோயில் முனையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக மூடி போட்டு அழகாக வருகிறது. அங்கன்வாடியைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடுகிறது. கான்கிரீட் முடிகிற இடத்தில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் வாய்க்கால் வரைக்கும் சுமார் நாற்பது மீட்டர் வெறும் மண். தெருவின் மொத்தத் தண்ணீரும் அந்த மண்ணில் வந்து தேங்குகிறது. குறுக்கே ஒரு தென்னை மரத்துண்டைப் போட்டிருக்கிறார்கள். அங்கன்வாடி டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கி அந்த மரத்துண்டைத் தாண்டி விடுகிறார். நான் நின்ற பத்து நிமிஷத்தில் பதினோரு பிள்ளைகள். ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் தினம் இதுதானாம்.

ஏன் நின்றது? அந்த நாற்பது மீட்டர் வாய்க்கால் கரை. கரை பேரூராட்சியின் இடமில்லை, நீர்வளத் துறையின் இடம். அவர்கள் தடையின்மைச் சான்று தராமல் அங்கே ஒரு கல்கூட வைக்க முடியாது. சான்றுக்கு மன்றத் தீர்மானம் வேண்டும், வரைபடம் வேண்டும், நில அளவர் வந்து அளக்க வேண்டும், பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு தூங்கும், யாராவது போய் எழுப்ப வேண்டும். நடுவில் செயல் அலுவலர் இரண்டு பேர் மாற்றலாகிப் போனார்கள். புதிதாக வருகிறவருக்குக் கதையை முதலிலிருந்து சொன்னது அக்காதான். சான்று வந்து சேர்ந்தபோது பழைய மதிப்பீடு செல்லாது என்றார்கள், சிமெண்டும் கம்பியும் விலை ஏறிவிட்டதாம். இப்போது திருத்திய மதிப்பீடு போயிருக்கிறது. அது வருவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிடும்.

புதிதாக ஒருவர் வந்தால் அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நல்லவராகவே இருக்கட்டும். எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு இரண்டு மழைக்காலம் ஆகும். அக்காவுக்கே அவ்வளவு ஆனது. அந்த இரண்டு மழைக்காலமும் பிள்ளைகளை யார் தூக்கி விடுவது? அக்கா நிற்கிறதற்கு முதல் காரணம் இந்த நாற்பது மீட்டர். எனக்கு இதற்குமேல் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

கவுன்சிலரே இல்லாமல் ஊர் ஓடின காலமும் உண்டே? அப்ப என்ன குடி முழுகிப் போச்சு?

ஓடியது. எப்படி ஓடியது என்று நினைவு இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

2011-இல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கப்புறம் வழக்கு, வார்டு மறுவரையறை, கொரோனா என்று இழுத்துக்கொண்டே போய், நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் 2022 மார்ச்சில்தான் மறுபடி கவுன்சிலர்கள் வந்தார்கள். ஐந்து வருஷத்துக்கும் மேல், ஒரு முழுப் பதவிக்காலத்தையும் தாண்டி, அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. ஒரு தனி அலுவலர் எத்தனை தெருவுக்குத்தான் முகம் கொடுப்பார்?

அந்தக் காலத்தின் நடுவில்தான் கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. நான் அப்போது உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய ஓர் அடுக்குமாடி வீட்டில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மூன்று நாள் ஊருக்குப் போன் போகவில்லை. வேலைத் தளத்தில் கை வேலை செய்யும், காது போனிலேயே இருக்கும். நாலாவது நாள் அக்கா, சிக்னல் கிடைக்கிற இடம்வரை நடந்து போய்ப் பேசினார். "ஓடு போச்சுடா, மரம் போச்சு, ஆளு எல்லாம் இருக்கோம்." அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. அப்பா நட்ட தென்னையில் ஆறு மரம்தான் மிச்சம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய வேதனை பின்னால் வந்தது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தூங்காமல் வேலை பார்த்தார்கள். ஆனால் எந்த வீட்டுக்குப் பின்னால் எந்தக் கொட்டகையில் யார் தனியாக இருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாசல் தெருவில் இருந்த வீடெல்லாம் பட்டியலில் ஏறியது. பின்கட்டில் கீற்றுச் சாய்ப்பில் தனியாக இருந்த மூன்று கிழவிகள் பெயர் விட்டுப்போனது. கேட்பதற்குத் தெருவில் ஓர் ஆள் இல்லை, ஏனென்றால் கவுன்சிலர் என்று ஒருவரே ஊரில் கிடையாது.

அக்கா அப்போது வெறும் குடும்பப் பெண். எங்கள் மருமகனுடைய பள்ளிக்கூட நோட்டில் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வீடாக நடந்து, விட்டுப்போன பெயரையெல்லாம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நோட்டுதான் அவரை இதில் இழுத்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கும் மேல் சும்மா கிடந்த நாற்காலியைப் பார்த்தவர்கள் "வேற யாராவது வரட்டும்" என்று அவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு பேரூராட்சி கவுன்சிலரால் என்னதான் செய்ய முடியும்?

எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இருப்பது மாதிரி அவர் கையில் தொகுதி நிதி எதுவும் கிடையாது. மன்றக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், கேள்வி கேட்கலாம், ஓட்டுப் போடலாம். குடிதண்ணீர், தெருவிளக்கு, வடிகால், குப்பை, மயானம், பிறப்பு இறப்புப் பதிவு, சொத்து வரி, இதெல்லாம் பேரூராட்சியின் வேலை. செய்கிற கை செயல் அலுவலரும் ஊழியர்களும்.

கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் விளக்கு எரியவில்லை என்றால் என்ன ஆகிறது பாருங்கள். பல்பு பேரூராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது. கடைத்தெரு ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, அதற்கடியில் போகிற குடிதண்ணீர்க் குழாய் பேரூராட்சியுடையது. குழாய் உடைந்தால் ரோட்டைத் தோண்ட அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறவருக்கு, "நீ வீட்டுக்குப் போ, நான் கேக்குறேன்" என்று சொல்ல ஓர் ஆள் தெருவிலேயே இருப்பது லேசான காரியமில்லை.

அக்கா இப்போது நாலாவது நோட்டில் இருக்கிறார். நெட்டு நோட்டு, பைண்டிங் போட்டது. தேதி, கதவு எண், குறை, யாரிடம் சொன்னது, எந்தத் தேதி முடிந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார். முடிந்ததற்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. முடியாததை அடுத்த நோட்டு வாங்கும்போது முதல் பக்கத்தில் திரும்ப எழுதிக்கொள்கிறார். நாலாவது நோட்டின் முதல் பக்கத்தில் பதினேழு வரி இருந்ததை நானே எண்ணினேன்.

வேலையை அக்காதான் பார்க்கிறாரா, மாமா பார்க்கிறாரா? பல ஊரில் பேர் மனைவிக்கு, நாற்காலி புருஷனுக்கு என்கிறார்களே.

அக்காதான். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-இல் சட்டம் வந்தது. அது வந்தும் சில இடங்களில் கணவன்மார்தான் பேசுகிறார்கள், எனக்கும் தெரியும். எங்கள் மாமாவுக்குத் தோப்பும் மாடும் போதும். முதல் கூட்டத்தன்று அக்காவைப் பைக்கில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, "நான் இங்க டீக்கடையில இருக்கேன், நீ பேசிட்டு வா" என்று சொன்னவர் அவர். இன்றைக்கும் அதே டீக்கடையில்தான் காத்திருக்கிறார்.

சம்பளம் உண்டா?

சம்பளம் இல்லை. 2023-லிருந்து மதிப்பூதியம் உண்டு, பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய். நம்ம ஊரிலிருந்து பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் போய்வருகிற பஸ் காசுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாகப் போய்விடும். மேற்கொண்டு பிழைப்பு தோப்பிலிருந்துதான்.

வீட்டு வரி ஏறினது அக்கா காலத்தில்தானே?

ஆமாம். அவர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2022 ஏப்ரல் மாதப் பிறப்பிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீத உயர்வு, 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், அதற்குமேல் 75, 100 என்று போகும். மாநில அரசு எடுத்த முடிவு அது. மன்றங்களின் வழியாக நடைமுறைக்கு வந்தது. தெருவில் ஏச்சு வாங்கியது கவுன்சிலர்கள்.

அக்கா இதில் மழுப்பவில்லை. "ஏத்தக் கூடாதுன்னு நான் சொல்ல முடியாது, பல வருஷமா ஏத்தாம இருந்தது" என்று வீட்டுக்கு வந்து திட்டினவர்களிடமே சொன்னார். ஆனால் அளவு தப்பாகப் போட்ட வீடுகளுக்காகப் போராடினார். பழைய கணக்கில் மாட்டுக் கொட்டகையையும் வீடாகச் சேர்த்து 600-ஐத் தாண்ட வைத்திருந்தார்கள் சில இடங்களில். டேப் பிடித்துத் திரும்ப அளக்க வைத்து, ஒன்பது வீட்டுக்குக் குறைத்து வாங்கிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் அப்படிச் சந்தேகம் இருந்தால் அம்மாவையோ தம்பியையோ ரசீதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

தேர்தல் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருது? நாங்க இங்கேருந்து ஏதாவது போட்டு விடவா?

கேட்கிற மனசுக்கு நன்றி. இதில் சட்டம் ஒன்று இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

இந்தியாவில் தேர்தலில் நிற்கிற வேட்பாளர் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 இதைச் சொல்கிறது, உள்ளாட்சித் தேர்தலுக்கும் பொருந்தும். நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக முறையாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணமாகக் கருதப்படாது. ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டவர்கள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற அட்டை) இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். அவர்கள் பத்து வெள்ளிகூடத் தரக் கூடாது. கையில் கொடுத்து அனுப்புவது, ஊருக்குப் போகிறவரின் பையில் வைத்து விடுவது, ஒன்றும் வேண்டாம்.

எளிமையாகச் சொன்னால், யாரும் எதுவும் அனுப்ப வேண்டாம் என்பதுதான் அக்காவின் முடிவு. பேரூராட்சி வார்டுக்கு 2022-இல் டெபாசிட் 1,000 ரூபாய். அதற்குமேல் நோட்டீஸும் ஒரு ஆட்டோவும். போன தடவை எங்கள் குடும்பத்துச் செலவோடு முடிந்தது, இந்தத் தடவையும் அப்படியே.

ஊருக்குச் செய்ய ஆசை இருந்தால் வேறு வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட்டு வேலை நடக்கும். குளத்தங்கரை நடைபாதைக்கு அப்படி ஒரு முயற்சி பேச்சில் இருக்கிறது. அது தேர்தலோடு சேராத காரியம், அலுவலகத்தில் நேராகக் கட்டி ரசீது வாங்குகிற பணம். தேர்தல் முடிந்தபிறகு, யார் ஜெயித்திருந்தாலும் சரி, அதைப் பேசுவோம்.

ஏதாவது கட்சியில் சேர்ந்தால் வேலை சீக்கிரம் நடக்குமே?

சிலது நடக்கும், மறுக்கவில்லை. கூப்பிட்டார்கள். பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 மார்ச் 4 அன்று அந்தத் தேர்தல் நடந்தபோது சுயேச்சை ஓட்டுக்கு எவ்வளவு கிராக்கி என்று ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அக்கா காபி கொடுத்தார், வேறு பேச்சை எடுக்கவிடவில்லை. எல்லாக் கட்சிக்காரர் வீட்டு வாசலிலும் தண்ணீர் தேங்குகிறது, எல்லார் வீட்டுக்குள்ளும் நான் போக வேண்டியிருக்கிறது என்கிறார். எனக்கு அது சரி என்றுதான் படுகிறது.

செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்டது?

இருக்கிறது. மேட்டுத் தெருவின் கடைசி இருபது வீட்டுக்குத் தண்ணீர் இன்னும் நூலாகத்தான் வருகிறது. முன்வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். சொல்லிப் பார்த்தார், சண்டை வந்தது, நின்றுவிட்டது. வால்வு மாற்றித் தெருவை இரண்டாகப் பிரித்து முறை வைத்து விடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதை மூன்றாவது வருஷமே தீர்மானமாகக் கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவரவில்லை. சொந்தக்காரர் வீட்டு மோட்டாரும் அதில் இருந்ததால் தயங்கினார் என்று நான் நினைக்கிறேன். அவரிடமே சொன்னேன். "ஆமாடா, அது என் தப்புதான்" என்றார். இந்தத் தடவை நோட்டீஸில் முதல் வரியாக அதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்.

நாய்த் தொல்லையும் குறையவில்லை.

நம்ம ஊரைச் சிங்கப்பூர் மாதிரி ஆக்க முடியாதா?

இந்தக் கேள்வியை வந்த புதிதில் நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இங்கே தாழ்வாரத்தில் விளக்கு அணைந்தால் மறுநாள் எரிகிறது, லிஃப்ட் நின்றால் உடனே ஆள் வருகிறார். எப்படி என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

இங்கே கவுன்சிலர் தேர்தல் என்று தனியாக ஒன்று கிடையாது. நகர மன்றங்களை நடத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்களே. 1986-இல் அங் மோ கியோவில் சோதித்துப் பார்த்து, 1988-இல் சட்டமாக்கினார்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் வீவகவே பார்த்துக்கொண்டது. குடியிருப்புப் பேட்டையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மக்கள் ஓட்டுப் போட்டவர் கையில் கொடுத்தால்தான், ஓட்டுப் போடும்போது யோசித்துப் போடுவார்கள் என்பது அதில் இருந்த எண்ணம். ஒவ்வொரு வீடும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறது, அந்தக் காசில் விளக்கும் லிஃப்டும் ஓடுகின்றன. வாரம் ஒரு மாலை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. புளோக்குக் கீழே நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து, முறை வந்ததும் உறுப்பினரிடம் நேராகக் குறையைச் சொல்கிறார்கள். ஒரு தடவை அண்டை வீட்டு மலாய்க்காரப் பாட்டிக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். தொண்டர் ஒருவர் பாட்டி சொல்வதை ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தட்டச்சு செய்தார். எனக்கு அக்காவின் நெட்டு நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

பணமும் சட்டமும் இரண்டு ஊருக்கும் ஒன்றாகாது. நூற்றுக்கணக்கான பேரூராட்சியில் ஒன்றான நம்ம ஊருக்கு வருகிற காசு எவ்வளவு, இங்கே வருகிற காசு எவ்வளவு! ஆனால் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர் பேச்சை முழுசாகக் கேட்டு எழுதிக்கொள்வதற்குக் காசு வேண்டாம். அதை அக்கா செய்கிறார்.

இங்கேருந்தே ஓட்டுப் போட முடியுமா?

முடியாது. நமக்குத் தபால் ஓட்டும் இல்லை, ஆன்லைன் ஓட்டும் இல்லை. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அன்றைக்கு ஊரில் இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இந்தியாவில் ஓட்டே கிடையாது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இதை ரொம்பவும் வற்புறுத்திச் சொல்கிறேன். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று நீக்கினார்கள். வெளிநாட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்கள் படிவம் போகும்போது வீட்டில் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கிறார்கள். பெயர் விட்டுப்போயிருந்தால், வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்களுக்கென்று படிவம் 6ஏ இருக்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் வீட்டாரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

2022-இல் பேரூராட்சிகளில் கிட்டத்தட்ட 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். மாநகராட்சிகளில் 52 சதவீதம்தான். சின்ன ஊரில் ஒவ்வொரு ஓட்டும் கண்ணுக்குத் தெரியும். நம்ம வார்டில் ஜெயித்த வித்தியாசத்தைவிட அதிகம் பேர் இந்தத் தீவில் வேலை பார்க்கிறோம். லீவு எடுக்கிற எண்ணம் இருந்தால் தேதி வந்ததும் திருச்சி விமானத்துக்குச் சீட்டு போட்டுவிடுங்கள். அப்புறம் விலை ஏறிவிடும். லீவுக்காக முதலாளியிடம் சண்டை போட வேண்டாம், வேலைதான் முக்கியம்.

தேக்காவில் சின்னதா ஒரு ஆதரவுக் கூட்டம் போடலாமா? ஒரு பேனர் மட்டும்?

வேண்டவே வேண்டாம். இங்கே பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு விஷயத்தை ஆதரித்தோ எதிர்த்தோ பொது இடத்தில் கூடக் காவல்துறை அனுமதி வேண்டும். தனியாக ஒருவர் அட்டை பிடித்து நின்றாலும் அப்படித்தான். வெளிநாட்டு அரசியலை இங்கே கொண்டுவரக் கூடாது என்று அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வேலை பெர்மிட்டில் இருக்கிற தம்பிகள் இதற்காக வேலையை இழந்தால் அக்கா தாங்க மாட்டார். அம்மாவுக்குப் போன் போடும்போது நாலு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

வார்டு ஒதுக்கீடு மாறிவிட்டால்?

பெண்கள் வார்டு பொது வார்டாக மாறினால் சிக்கல் இல்லை, பொது வார்டில் பெண்களும் நிற்கலாம். அக்கா நிற்க முடியாத பிரிவுக்குப் போய்விட்டால் பக்கத்து வார்டில் போய் நிற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். தெரியாத தெருவுக்கு ஓட்டுக் கேட்டுப் போகக் கூச்சமாக இருக்கிறதாம்.

தோற்றுப்போனால்?

நோட்டு நாலையும், வடிகால் கோப்பின் நகலையும், ஜெயித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவின் பைக்கில்தான் போவார் என்று நினைக்கிறேன்.

அக்காவிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்றால்?

ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் கூப்பிடுங்கள், அங்கே ஏழிலிருந்து எட்டு. எண் உங்கள் வீட்டில் இருக்கும். எடுத்ததும் கதவு எண்ணைச் சொல்லுங்கள். விளக்குப் பிரச்சினை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கிற எண்ணையும் வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத ஆரம்பிக்கிறவரை ஒரு நிமிஷம் பொறுங்கள்.